குழுக் கடிதம் குப்பைக்குப் போகாமல் தடுப்பது எப்படி?

சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாட்கள் இருக்கையில், வயலில் மெழுகு பதம் இருக்கும்போதே தரிசு உளுந்தை விதைத்துவிட வேண்டும் என்பது டெல்டா விவசாயிகள் அறிந்த விஷயம். பதம் தப்பினால் விதை முளைக்காது. இந்த நேரத்தில், "சான்று பெற்ற உளுந்து விதை வந்துள்ளது, பங்குதாரர்கள் பணம் கட்டிப் பெற்றுக் கொள்ளலாம்" என்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது என்று வைத்துக் கொள்வோம். கடிதம் விவசாயியின் கைபேசிக்கு வந்தும் சேர்ந்துவிடுகிறது. ஆனால் மணி அடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாலும் கடிதம் இல்லை. பக்கத்து வயலில் விதைப்பு முடிந்த பிறகு விசாரித்துப் பார்த்தால், அது 'ஸ்பேம்' என்ற தனி அறையில், லாட்டரிப் பரிசுக் கடிதங்களுக்கும் வட்டியில்லாக் கடன் கடிதங்களுக்கும் நடுவில் கிடக்கிறது.

இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. இதைத் தடுக்க வழியும் உண்டு. செலவு எதுவும் இல்லை. கால் மணி நேர வேலைதான்.

"எனக்கு மின்னஞ்சலே கிடையாதே" என்று சிலர் சொல்லக்கூடும். ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஜிமெயில் கணக்கு ஒன்று இருக்கும். கைபேசி வாங்கிய அன்றே கடைக்காரரோ, வீட்டுப் பிள்ளைகளோ அதைத் திறந்து கொடுத்திருப்பார்கள். அந்த முகவரியைத்தான் உழவர் நிறுவனத்தில் பங்கு சேரும்போதும், இயற்கை விவசாயச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதும், வங்கியிலும் எழுதிக் கொடுத்திருப்போம். எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பெட்டியைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். முதலில் அந்த முகவரியையும் கடவுச் சொல்லையும் ஒரு நோட்டில் குறித்து, பட்டா, சிட்டா நகல்களோடு வீட்டில் பத்திரமாக வைத்துக் கொள்வது நல்லது.

குழுக் கடிதம் என்றால் என்ன?

ஒரு நிறுவனமோ சங்கமோ நூறு, இருநூறு பேருக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கொண்டிருக்க முடியாது. ஆகவே ஒரு பொது முகவரியை ஏற்படுத்தி, உறுப்பினர் பட்டியலை அதனுடன் இணைத்துவிடுகிறார்கள். அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போட்டால், பட்டியலில் உள்ள அனைவருக்கும் ஒவ்வொரு பிரதி போய்விடும். 1986ஆம் ஆண்டில் எரிக் தாமஸ் என்பவர் இந்த வேலையைத் தானாகவே செய்யும் 'லிஸ்ட்செர்வ்' என்ற மென்பொருளை எழுதினார். இன்று சிறிய குழுக்கள் பலவும் 'கூகுள் குரூப்ஸ்' என்ற இலவச வசதியைப் பயன்படுத்துகின்றன.

இதில் இரண்டு வகை உண்டு. நிறுவனம் மட்டும் பேச, மற்றவர்கள் கேட்டுக் கொள்வது ஒரு வகை. தேனீ வளர்ப்போர், நாட்டு மாடு வளர்ப்போர், மரபு நெல் விதை காப்போர் போன்றவர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக் கொள்வது மற்றொரு வகை. சல்லடையில் அதிகம் மாட்டிக் கொள்வது இரண்டாவது வகைதான். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சல்லடை எதற்கு வந்தது?

கேட்காத விளம்பரம் மின்னஞ்சலில் வரத் தொடங்கியது நேற்று இன்றல்ல. 1978ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், அன்றைய 'அர்ப்பாநெட்' வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்குத் தம் கம்பெனி இயந்திரத்தைப் பற்றி ஒரே கடிதத்தை அனுப்பினார். அதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. ஆனாலும் விற்பனை நடந்ததால் வழக்கம் பரவிவிட்டது. 'ஸ்பேம்' என்பது உண்மையில் 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, டப்பாவில் அடைத்த ஒரு பன்றி இறைச்சியின் பெயர். எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வந்து விழும் ஓர் உணவு விடுதியை வைத்து 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. வேண்டாம் என்றாலும் வந்து விழும் கடிதத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பிற்பாடு இத்தகைய கடிதங்கள் பெருகி, நல்ல கடிதத்தைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிப் போனது. அப்போது வந்ததுதான் சல்லடை. 2002இல் பால் கிரஹாம் என்பவர் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல வழி காட்டியது. குப்பைக் கடிதங்களை ஒரு குவியலாகவும் நல்ல கடிதங்களை ஒரு குவியலாகவும் வைத்து, எந்தச் சொல் எந்தக் குவியலில் அதிகம் வருகிறது என்று இயந்திரத்தை எண்ணச் சொல்வது அந்த முறை. புதிய கடிதம் வந்தால், அதிலுள்ள சொற்கள் எந்தக் குவியலை ஒத்திருக்கின்றன என்று கணக்குப் போட்டு இயந்திரமே ஒதுக்கிவிடும். இன்றைய சல்லடைகள் இதைவிடப் பல மடங்கு நுட்பமானவை. அனுப்பியவர் யார், எந்த வழியாக வந்தது, இதற்கு முன் அவர் கடிதங்களை மக்கள் படித்தார்களா, ஒதுக்கினார்களா என்றெல்லாம் பார்க்கின்றன. ஆனாலும் அடிப்படை அதுதான்: மனிதர்கள் பிரித்துக் காட்டியதைப் பார்த்து இயந்திரம் கற்றுக் கொள்கிறது.

இதில் விவசாயிகளுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. மோசடிக் கடிதத்தில் என்னென்ன சொற்கள் வரும்? மானியம், கடன், இலவசம், வங்கிக் கணக்கு எண், ஆதார், கடைசித் தேதி, உடனே விண்ணப்பியுங்கள். நம் உழவர் நிறுவனத்தின் நேர்மையான கடிதத்தில் என்னென்ன வரும்? அதே மானியம், அதே வங்கிக் கணக்கு, அதே கடைசித் தேதி. நெல் வயலில் குதிரைவாலிப் புல் இளம் பருவத்தில் நெல்லைப் போலவே இருப்பதால் களை எடுப்பவர்கள் தடுமாறுகிறார்கள் அல்லவா, அதைப் போன்ற தடுமாற்றம்தான் இதுவும்.

முத்திரை உடைந்த மூட்டை

குழுக் கடிதம் சந்தேகத்துக்கு உள்ளாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இதை விதை மூட்டையை வைத்து விளங்கிக் கொள்ளலாம்.

சான்று விதை மூட்டையில் நீல அட்டை தைத்து, ஈயத்தால் முத்திரை இட்டிருப்பார்கள். முத்திரை கெடாமல் இருந்தால்தான் உள்ளே இருப்பது சான்று பெற்ற விதை என்று நம்பலாம். மின்னஞ்சலிலும் இப்படி ஒரு முத்திரை உண்டு. அதற்கு 'டிகேஐஎம்' என்று பெயர். அனுப்பும் நிலையம் கடிதத்தின் மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையைப் போட்டு அனுப்புகிறது. வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. இதைத் தவிர, "எங்கள் பெயரில் கடிதம் ஏற்றி வர இன்னின்ன வண்டிகளுக்கே அனுமதி" என்று அறிவிக்கும் பட்டியல் ஒன்றும் உண்டு. அது 'எஸ்பிஎஃப்'. இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்ய வேண்டும், உள்ளே விடலாமா, ஒதுக்கி வைப்பதா, திருப்பி அனுப்புவதா என்று முகவரிக்கு உரிய நிறுவனம் சொல்லி வைக்கும் கட்டளைக்கு 'டிமார்க்' என்று பெயர்.

இனி, ஓர் உறுப்பினர் குழுவுக்குக் கடிதம் எழுதுகிறார். குழு இயந்திரம் அதை வாங்கி, தலைப்பில் குழுவின் பெயரைச் சேர்க்கிறது. அடியில் "குழுவிலிருந்து விலக இங்கே தொடவும்" என்று ஒரு வரி சேர்க்கிறது. பிறகு எல்லோருக்கும் அனுப்புகிறது. கடிதத்தைத் தொட்டதால் பழைய முத்திரை உடைந்துவிட்டது. ஏற்றி வரும் வண்டியும் எழுதியவருடையது அல்ல, குழுவுடையது. விதை நல்ல விதைதான். ஆனால் மூட்டையின் முத்திரை உடைந்து, வேறு லாரியில் வந்திருக்கிறது. சோதனைச் சாவடியில் நிறுத்தத்தானே செய்வார்கள்?

2014ஆம் ஆண்டு ஏப்ரலில் யாஹூ நிறுவனம், தன் முகவரியிலிருந்து வருவதாகச் சொல்லும் கடிதத்தில் முத்திரையும் வண்டியும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று அறிவித்தது. அதே மாதம் ஏஓஎல் நிறுவனமும் இவ்வாறே செய்தது. மோசடிக்காரர்களைத் தடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் உலகெங்கும் குழுக் கடிதங்கள் தடுமாறிப் போயின. யாஹூ முகவரிக்காரர் ஒருவர் குழுவில் எழுதினால், மற்ற உறுப்பினர்களின் பெட்டிகள் அதைத் திருப்பி அனுப்பின. திரும்பி வந்ததைக் கண்ட குழு இயந்திரம், "இந்த உறுப்பினரின் முகவரி பழுது" என்று எண்ணி, ஒரு தவறும் செய்யாதவர்களுக்குக் கடிதம் அனுப்புவதையே நிறுத்தியது. அதன் பிறகுதான் குழு இயந்திரங்கள் ஒரு மாற்று வழியைக் கைக்கொண்டன. எழுதியவரின் முகவரிக்குப் பதிலாகக் குழுவின் முகவரியைப் போட்டு, "இன்னார், இன்ன குழு வழியாக" என்று காட்டுவதே அந்த வழி. உங்கள் பெட்டியில் இப்படி 'வழியாக' என்று ஒரு பெயர் வந்தால் அது கோளாறு அல்ல.

விவசாயி செய்ய வேண்டியது

கைபேசியில் ஜிமெயிலைத் திறந்து, இடப் பக்கம் மேலே உள்ள மூன்று கோடுகளைத் தொட வேண்டும். அறைகளின் பெயர்கள் வரிசையாக வரும். கீழே தள்ளிக் கொண்டு போனால் ஆச்சரியக்குறி போட்ட அடையாளத்துடன் 'ஸ்பேம்' அறை இருக்கும். அதனுள் போய், நமக்கு வேண்டிய கடிதம் இருக்கிறதா என்று அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மட்டும் பார்த்துக் கொண்டே வர வேண்டும். எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது.

வேண்டிய கடிதம் இருந்தால் அதைத் திறந்து, 'ஸ்பேம் அல்ல' என்று பொருள்படும் பொத்தானைத் தொட வேண்டும். மொழியை ஆங்கிலத்தில் வைத்திருந்தால் 'நாட் ஸ்பேம்' என்று இருக்கும். கடிதம் உடனே முன் அறைக்கு வந்துவிடும். அத்துடன், இத்தகைய கடிதம் நமக்கு வேண்டியது என்று சல்லடையும் கற்றுக் கொள்கிறது. ஒரு முறை சொன்னால் போதாது. இரண்டு, மூன்று முறை சொன்ன பிறகே பல சமயம் பழகுகிறது. குழுவின் முகவரியைக் கைபேசித் தொடர்புகளில் சேர்த்து வைப்பதும் உதவும். ஆனால் அது மட்டுமே போதும் என்று இருந்துவிடக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயங்கள் இரண்டு. ஸ்பேம் அறையில் விழுந்த கடிதம் 30 நாட்கள்தான் இருக்கும். பிறகு தானாகவே அழிந்துவிடும். அழிந்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பொதுக்குழுவுக்கு 14 நாட்கள் முன்னதாக அறிவிப்புக் கொடுப்பது சட்டம். கூட்டம் முடிந்த பிறகு 'எனக்கு அறிவிப்பே வரவில்லை' என்று ஓர் உறுப்பினர் சண்டைக்குப் போக, அலுவலகத்தார் அனுப்பியதற்கு அத்தாட்சி காட்ட, கைபேசியில் தேடினால் கடிதம் அழிந்து போயிருக்கும். இருவர் சொல்வதும் உண்மைதான். மற்றொன்று, ஜிமெயிலில் மேலே உள்ள தேடும் கட்டத்தில் குழுவின் பெயரை எழுதித் தேடினால், சாதாரணமாக ஸ்பேம் அறையையும் குப்பைத் தொட்டியையும் விட்டுவிட்டுத்தான் தேடும். "தேடிப் பார்த்தேன், இல்லை" என்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்த அறைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

வாரம் ஒரு நாள் பார்த்தால் போதும். வானிலையை ஒட்டிய வேளாண் ஆலோசனை அறிக்கைகள் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளியாகின்றன. அதைப் பார்க்கும் நாளில் இதையும் பார்த்துவிடும் வழக்கம் வைத்துக் கொண்டால் மறக்காது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் இரண்டு நாளைக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது.

சில கடிதங்கள் ஸ்பேமுக்கும் போகாமல், முன் அறைக்கும் வராமல், விளம்பரம், குழு விவாதம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்த பகுதிகளில் போய் உட்கார்ந்திருக்கும். அவை அழியாது. ஆனால் கைபேசி பெரும்பாலும் முதன்மைப் பகுதிக்கு வரும் கடிதத்துக்குத்தான் மணி அடிக்கும். மூன்று கோடுகளைத் தொட்டால் இந்தப் பகுதிகளின் பெயர்களும் தெரியும். வேண்டிய கடிதத்தை முதன்மைப் பகுதிக்கு நகர்த்திவிடலாம்.

ஒரு முறை போட்டால் நிலைக்கும் வரப்பு

மேலே சொன்னது அவ்வப்போது செய்யும் வேலை. நிலையான ஏற்பாடு ஒன்றும் உண்டு. அதற்குப் பெயர் 'ஃபில்டர்'. இன்ன முகவரியிலிருந்து வருவதை ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே என்று நாமே கட்டளை எழுதி வைப்பது இது. கைபேசியில் உள்ள ஜிமெயில் செயலியில் இதைச் செய்ய முடியாது. கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, வலப் பக்கம் மேலே உள்ள பல்சக்கர அடையாளத்தைத் தொட்டு, எல்லா அமைப்புகளையும் காட்டும் பக்கத்துக்குப் போக வேண்டும். அதில் ஃபில்டர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். புதிய ஃபில்டர் உருவாக்கு என்பதைத் தொட்டால் சில காலிக் கட்டங்கள் வரும். நிறுவனம் மட்டும் எழுதும் வகையாக இருந்தால், அனுப்புநர் கட்டத்தில் அதன் முகவரியை எழுத வேண்டும். பல உறுப்பினர்கள் எழுதும் குழுவாக இருந்தால், ஒவ்வொருவர் பெயரில் கடிதம் வருமாதலால், பெறுநர் கட்டத்தில் குழுவின் பொது முகவரியை எழுத வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் அனுப்புநர் கட்டத்தில் செயலாளரின் சொந்த முகவரியை மட்டும் எழுதிவிட்டு, செயலாளர் மாறியதும் கடிதம் வரவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. அடுத்த பக்கத்தில் வரும் வரிகளில், 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்ற பொருளுள்ள வரிக்கு எதிரே உள்ள கட்டத்தில் குறியிட்டு, உருவாக்கு என்பதைத் தொட்டால் வேலை முடிந்தது. விரும்பினால் 'விதை நிறுவனம்', 'தேனீக் குழு' என்று தனிப் பெயர்ச் சீட்டும் ஒட்டச் சொல்லலாம்.

முகவரி சரியாகத் தெரியாவிட்டால், முன்பு வந்த குழுக் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, அதன் மூன்று புள்ளிகளைத் தொட்டு, இது போன்ற கடிதங்களுக்கு ஃபில்டர் என்பதைத் தேர்ந்தால் கட்டத்தை அதுவே நிரப்பித் தரும். இதுவே சுலபமான வழி.

இ-சேவை மையத்திலோ வேறு கடையிலோ இந்த வேலையைச் செய்தால், முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட வேண்டும். கடவுச் சொல்லை நினைவில் வைத்துக் கொள்ளவா என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். மின்னஞ்சல் கணக்கு பிறர் கையில் சிக்குவது, வீட்டுச் சாவியைத் தெருவில் போட்டுவிட்டு வருவது போல.

ஃபில்டரில் 'மானியம்', 'விதை', 'கிசான்' போன்ற பொதுச் சொற்களை எழுதி அவற்றை உள்ளே விடச் சொல்லக் கூடாது. அந்தச் சொற்களைத்தான் மோசடிக்காரர்கள் அதிகம் எழுதுகிறார்கள். அத்தகைய ஃபில்டர், மேட்டுத் தண்ணீரை வாங்க மடையைத் திறந்து வைத்து, சாயக் கழிவையும் சேர்த்து வாங்குவது போல் ஆகிவிடும். முழு முகவரியை மட்டுமே எழுத வேண்டும்.

எதைத் தொடக் கூடாது?

சல்லடை பெரும்பாலும் சரியாகத்தான் பிரிக்கிறது. ஸ்பேம் அறையில் கிடப்பவற்றில் மிகுதியானவை குப்பைதான் என்பதை மறக்கக் கூடாது. அங்கே நமக்கு வேண்டியது போல ஒரு கடிதம் தோன்றினால், 'ஸ்பேம் அல்ல' என்று சொல்லும் முன், அதை எதிர்பார்த்தோமா என்று யோசிக்க வேண்டும். பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 2,000 ரூபாய் வீதம் 3 தவணைகளாக 6,000 ரூபாய் கிடைக்கிறது. இந்தப் பெயரைச் சொல்லி, "உங்கள் தவணை நின்றுவிட்டது, இந்தக் கோப்பை இறக்கிப் பதியுங்கள்" என்று வாட்ஸாப்பிலும் குறுஞ்செய்தியிலும் மோசடிகள் நடந்துள்ளன. 'ஏபிகே' என்று முடியும் கோப்பு எந்த வழியில் வந்தாலும், யார் அனுப்பியதாகத் தெரிந்தாலும், தொடவே கூடாது. அது கைபேசியில் நுழைந்துவிட்டால் வங்கிக்கு வரும் ரகசிய எண்ணை மற்றவர்கள் படிக்க முடியும்.

நம் குழுவின் பெயரிலேயே கடிதம் வந்து, அதில் பணம் கட்டும் கணக்கு எண் மாறியிருந்தால் உடனே கட்டிவிடக் கூடாது. ஃபில்டர் உள்ளே விட்டது என்பதால் அது உண்மைக் கடிதம் என்று ஆகிவிடாது. குழு உறுப்பினர் ஒருவரின் கணக்கையே திருடி அதிலிருந்தும் எழுதலாம். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு. அரசுத் திட்டம் பற்றிய சந்தேகம் என்றால் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. பணம் பறிபோய்விட்டது என்று தெரிந்த மறு நிமிடமே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். நேரம் ஆக ஆகப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் குறைந்து கொண்டே போகும்.

பிடிக்காத குழுவிலிருந்து விலகுவதிலும் முறை உண்டு. நாமே சேர்ந்த குழுவின் கடிதம் அலுத்துவிட்டால், அதன் அடியில் உள்ள விலகும் வரியைத் தொட்டு விலகிவிட வேண்டும். பலர் அப்படிச் செய்யாமல், கைக்கு எளிதாக இருக்கிறதென்று 'ஸ்பேம்' பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இது மற்ற உறுப்பினர்களுக்குச் செய்யும் கெடுதல். அனுப்புவோர் மீது வரும் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது கூகுளின் விதி. 1,000 கடிதத்துக்கு 3 புகார் என்பது அந்த அளவு. 300 பேர் உள்ள குழுவில் ஒரே ஒருவர் அழுத்தினாலே கணக்கு 0.33 ஆகிவிடுகிறது. புகார் பெருகப் பெருக, அந்தக் குழுவின் கடிதம் மற்ற 299 பேருக்கும் ஸ்பேம் அறையில் விழும் வாய்ப்பு அதிகமாகிறது. மாறாக, எங்கும் சேராமலே வந்து விழும் குப்பைக் கடிதத்தில் உள்ள விலகும் வரியைத் தொடக் கூடாது. அங்கே ஆள் இருக்கிறார் என்று காட்டிக் கொடுத்தது போல் ஆகும். அதற்குத்தான் ஸ்பேம் பொத்தான்.

செயலாளர்களுக்கு

இந்தப் பகுதி குழுவை நடத்துபவர்களுக்கு. உறுப்பினர்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அனுப்புகிற இடத்தில் கோளாறு இருந்தால் பயனில்லை. தம் சொந்த ஜிமெயிலிலிருந்தே எல்லா உறுப்பினர் முகவரிகளையும் மறைத்துப் போட்டு அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தனி நபர் ஜிமெயிலில் நாளொன்றுக்கு 500 பேர் என்ற வரம்பு உண்டு. அதை மீறினால் கணக்கைச் சில மணி நேரம் அனுப்ப முடியாதபடி நிறுத்திவிடுவார்கள். வரம்புக்கு உள்ளேயே இருந்தாலும் ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தள்ளுவது சந்தேகத்தை உண்டாக்கும். முறையான குழு முகவரி ஏற்படுத்திக் கொள்வதே நல்லது. நிறுவனத்துக்குச் சொந்தப் பெயரில் வலை முகவரி இருந்தால், அதை அமைத்துக் கொடுத்தவரிடம் டிகேஐஎம், எஸ்பிஎஃப், டிமார்க் மூன்றும் போட்டாயிற்றா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்கு இந்த மூன்றும் கட்டாயம். சிறிய குழுக்களும் போட்டு வைத்தால் நன்மைதான்.

கடிதம் எழுதுவதிலும் கவனம் வேண்டும். நிறுவனத்தின் தலைப்புத் தாளில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து, படத்தை மட்டும் இணைத்து, உள்ளே ஒரு சொல்லும் இல்லாமல் அனுப்புகிறார்கள். வெறும் படத்துடன் வரும் கடிதம் சல்லடைக்குப் பிடிப்பதில்லை. குப்பை அனுப்புவோர் நெடுங்காலமாகக் கையாண்ட தந்திரம் அது. சின்னக் கைபேசியில் அதைப் படிக்கவும் முடியாது. விஷயத்தைக் கடிதத்திலேயே தட்டச்சு செய்து, வேண்டுமானால் படத்தையும் சேர்க்கலாம். தலைப்பில் "அவசரம்!!! உடனே திறக்கவும்!!!" என்று எழுதாமல், "உளுந்து விதை விநியோகம், ஜனவரி 20 முதல்" என்பது போல விஷயத்தை எழுத வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்தே உறுப்பினர் தெரிந்து கொள்வார்.

கூகுள் குரூப்ஸில் குழுவின் வாசலிலேயே ஒரு சல்லடை உண்டு. உறுப்பினர் எழுதிய கேள்வி சந்தேகத்துக்கு உரியதாகத் தோன்றினால், அது குழுவுக்குப் போகாமல் செயலாளரின் அனுமதிக்காகக் காத்திருக்கும். செயலாளர் பார்க்காவிட்டால் அங்கேயே கிடக்கும். "தென்னையில் வெள்ளை ஈ, என்ன செய்வது என்று எழுதினேன், ஒருவரும் பதில் போடவில்லை" என்று உறுப்பினர் மனக்கசப்புக் கொள்வார். ஒருவருக்கும் அந்தக் கேள்வி போயே சேர்ந்திருக்காது. காத்திருக்கும் கடிதங்களைத் தினம் ஒரு முறை பார்ப்பது செயலாளரின் வேலை. சம்மதம் கேட்காமல் யாரையும் பட்டியலில் சேர்க்கவும் கூடாது. அப்படிச் சேர்க்கப்பட்டவர்தான் முதலில் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்.

பெட்டி நிரம்பினால்

எல்லாம் சரியாக இருந்தும் கடிதம் வராமல் போவதற்கு மற்றொரு காரணம், பெட்டி நிரம்பிவிடுவது. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 15 ஜிபி. இது மின்னஞ்சலுக்கு மட்டும் அல்ல. அந்தக் கணக்கில் சேமிக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான். ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸாப் எடுத்து வைக்கும் காப்புப் பிரதியும் 2024 முதல் இந்தக் கணக்கில் சேருகிறது. குடும்ப விசேஷங்களின் வீடியோக்களும் காலை வணக்கப் படங்களும் இடத்தை அடைத்துக் கொண்டால், விதை நிறுவனத்தின் கடிதம் உள்ளே நுழைய முடியாமல் திரும்பிப் போகும். பல முறை திரும்பினால், குழு இயந்திரம் அந்த முகவரிக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். இடத்தைக் காலி செய்த பிறகும் கடிதம் தானாக வராது. செயலாளரிடம் சொல்லி மறுபடியும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

2 வருடம் யாரும் தொடாமல் கிடக்கும் கணக்கை நீக்கிவிட கூகுளுக்கு உரிமை உண்டு. இந்த விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய கைபேசியில் திறந்த கணக்கின் முகவரியை நிறுவனத்தில் கொடுத்துவிட்டு, புதிய கைபேசியில் வேறு கணக்கு வைத்திருப்பவர்கள், புதிய முகவரியை அடுத்த முறை அலுவலகம் போகும்போது எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.